எட்டு வளவுகள்: வோலிங்ஃபோர்டில் ஒரு நாள்

இங்கிலாந்துக்குப் போனால் ஒரு கோட்டையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கும். எங்களுக்கும் இருந்தது. அந்த ஆசையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலமை நாங்கள் மூன்று பேர் ஒக்ஸ்ஃபோர்டில் பஸ் ஏறினோம். தெற்கே சுமார் 20 கிலோமீற்றர் தூரத்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது வோலிங்ஃபோர்ட். சின்னச் சந்தை நகரம். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மிகப் பலமான கோட்டைகளில் ஒன்று இங்கே இருந்தது என்று வாசித்திருந்தோம்.

போய்ப் பார்த்தால் புல்!

பெரிய மண்மேடு ஒன்று, ஆழமான அகழிப் பள்ளங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சுவர்த் துண்டுகள். மிச்சமெல்லாம் பச்சைப் புல்வெளி. சனம் நாயோடு நடக்குது, பிள்ளைகள் மேட்டில் இருந்து உருண்டு விளையாடுதுகள். "கோட்டை எங்கயடா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய், கோட்டையை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடத் தொடங்கினோம். கோட்டை கட்டுவதற்கு முதல் அந்த இடத்தில் என்ன இருந்தது? யார் இருந்தார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஊரின் பெயரைப் பார்ப்போம். 'ஃபோர்ட்' என்று முடிகிற ஆங்கில ஊர்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்த ஆற்றுத்துறைகளில் பிறந்தவை. பாலம் இல்லாத காலத்தில் ஆளும் மாடும் வண்டியும் தண்ணிக்குள்ளால் நடந்து கடக்கக்கூடிய இடங்கள். வோலிங்ஃோர்ட் அப்படி ஒரு துறை. ஆற்றைக் கடக்க வசதியான இடம் என்றால் வியாபாரிக்கும் வசதி, படைக்கும் வசதி. இந்த ஊரின் நல்லது கெட்டது எல்லாமே அந்தத் துறையால் வந்தவைதான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் டேனிஷ் படையெடுப்புகளைத் தடுக்க மன்னன் அல்ஃபிரெட்டும் அவன் பிள்ளைகளும் தென் இங்கிலாந்து முழுக்க அரண் சூழ்ந்த நகரங்களை அமைத்தார்கள். வோலிங்ஃபோர்ட் அவற்றில் ஒன்று. கிழக்கே ஆறு, மற்ற மூன்று பக்கமும் உயர்ந்த மண் அரண், உள்ளே ஒன்றையொன்று வெட்டும் நேர்த்தெருக்கள். அரண் இன்றைக்கும் நிற்கிறது. கின்க்ரொஃப்ட், புல்க்ரொஃப்ட் என்ற இரண்டு திறந்த வெளிகளின் ஓரமாக நடந்தால், 1,100 வருடத்துக்கு முந்திய அந்த மண் உங்கள் தலைக்கு மேலே எழும்பி நிற்பதைக் காணலாம்.

அந்தக் காலத்துப் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. எந்த நகரத்தைக் காக்க எவ்வளவு நிலம் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நிலத்தின் அளவை 'ஹைட்'. ஒரு ஹைட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும். ஐந்து மீற்றர் அரணுக்கு நான்கு ஆள் நிற்கவேண்டும். வோலிங்ஃபோர்டுக்கு 2,400 ஹைட். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3 கிலோமீற்றர் அரணுக்கு 2,400 பேர். அரச நகரமான வின்செஸ்டருக்கும் அதே எண்தான். அந்த 2,400 பேரும் சுற்றுவட்டக் கிராமங்களில் இருந்து வந்த கமக்காரர்கள். நகரத்தின் அரணைத் தாங்கியது நாட்டுப்புறம். அப்படியிருந்தும் 1006இல் டேனியர்கள் வந்து ஊரை எரித்தார்கள். ஊர் திரும்பவும் எழும்பியது.

புத்தகத்தில் ஒரு வரி

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நோர்மன் பிரபு வில்லியமால் லண்டன் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. மேற்கே சுற்றி வந்து வோலிங்ஃபோர்டில்தான் தேம்ஸைக் கடந்தான். கன்டர்பரிப் பேராயர் ஸ்டிகண்ட் இங்கே வந்து அவனுக்குப் பணிந்தார். ஊரின் தலைவனாக இருந்த விகொட் எதிர்க்கவில்லை. விகொட்டின் மகளை நோர்மன் வீரன் றொபர்ட் டொய்லி கலியாணம் கட்டினான். அடுத்த சில வருடங்களில் நகரத்தின் வடகிழக்கு மூலையில், ஆற்றைப் பார்த்தபடி, கோட்டை எழும்பியது.

ஆனால் நகரம் ஏற்கனவே நிறைந்திருந்தது. வெறும் நிலத்தில் கட்டப்பட்ட கோட்டை அல்ல இது.

இதை எங்களுக்குச் சொன்னது 1086இல் வில்லியம் எழுதுவித்த டூம்ஸ்டே புத்தகம். நாட்டில் யாரிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு வரி வரும் என்று எடுத்த கணக்கு அது. வோலிங்ஃபோர்டைப் பற்றி அது சொல்வது இதுதான்: முந்திய மன்னன் எட்வேர்ட் காலத்தில் இங்கே அரசனுக்கு வாடகை கொடுத்த மனைகள் 276. இப்போது அதில் 13 குறைவு. ஒன்று, நாணயம் அடிப்பவன் அந்த வேலையைச் செய்யும்வரை வாடகை இல்லாமல் வைத்திருக்கிறான். எட்டு, கோட்டைக்காக அழிக்கப்பட்டன.

மனை என்று நாங்கள் எழுதியதற்கு அந்தப் புத்தகத்தில் உள்ள சொல் 'ஹகா'. வேலி என்ற பொருளில் இருந்து பிறந்த சொல். வேலியடைத்த ஒரு துண்டு நிலம், அதற்குள் வீடு, கொட்டில், சின்னத் தோட்டம். இதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது என்று பஸ்ஸுக்குள்ளேயே கதைத்தோம். அகராதி தேவைப்படவில்லை. வளவு. எங்கட அம்மம்மாமார் சொல்கிற அதே வளவு.

எட்டு வளவுகள். அங்கே இருந்தவர்களின் பெயர் இல்லை. எங்கே போனார்கள் என்று இல்லை. நட்டஈடு கொடுத்ததாக ஒரு சொல்லும் இல்லை. இந்த எட்டும் எழுத்தில் ஏறியதற்குக் காரணம் இரக்கம் அல்ல. எட்டு வளவின் வாடகை அரசனுக்கு வராமல் போனது, அதுதான் காரணம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அழித்தவர்களின் கணக்குப் புத்தகத்திலேயே அழிவின் எண்ணிக்கை கிடக்கிறது. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது பெரிய பாடம். அதிகாரத்தின் ஆவணம் என்று தள்ளிவைக்காமல், அதில் எது குறைந்திருக்கிறது, ஏன் குறைந்தது என்று தேடி வாசிக்கவேண்டும்.

முற்றுகையும் சாசனமும்

கோட்டையின் பெரிய காலம் அடுத்த நூற்றாண்டில் வந்தது. முதலாம் ஹென்றி இறந்த பிறகு அவன் மகள் மெற்றில்டாவுக்கும் மருமகன் முறையான ஸ்டீஃபனுக்கும் முடிச் சண்டை. 1142 மார்கழியில் ஒக்ஸ்ஃபோர்ட் கோட்டையில் முற்றுகைக்குள் அகப்பட்ட மெற்றில்டா, இரவோடு இரவாக, பனியில் அடையாளம் தெரியாதபடி வெள்ளை உடுப்போடு, உறைந்த ஆற்றைக் கடந்து தப்பி வந்து சேர்ந்த இடம் வோலிங்ஃபோர்ட். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் கதை.

பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வராத கதை ஒன்று இருக்கிறது. கோட்டையை மெற்றில்டாவுக்காக வைத்திருந்தவர் பிரையன் ஃபிட்ஸ்கவுண்ட். வின்செஸ்டர் சந்தைக்குப் போகிற வியாபாரிகளை இவருடைய ஆட்கள் மறித்துப் பறிக்கிறார்கள் என்று ஆயர் ஹென்றி குற்றம் சாட்டினார். பிரையன் மறுக்கவில்லை. தனக்குத் தந்த நிலத்தில் ஒரு ஏக்கர் தானியம்கூடக் கிடைக்கவில்லை, தன் ஆட்களுக்குச் சாப்பாடு போட வேறு வழியில்லை என்ற பொருளில் பதில் எழுதினார். அந்த நிலம் ஏன் விளையவில்லை? சுற்றிவர யுத்தம். விதைத்தவனும் இல்லை, அறுத்தவனும் இல்லை. இரண்டு பக்கப் படைக்கும் தின்னக் கொடுத்தது அதே கிராமங்கள்தான்.

1153இல் ஸ்டீஃபனின் படையும் மெற்றில்டாவின் மகன் ஹென்றியின் படையும் இங்கே ஆற்றுக்கு இரண்டு பக்கமும் நேருக்கு நேர் நின்றன. பெரிய போர் நடக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நடக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பிரபுக்களும் இனிச் சண்டை வேண்டாம் என்று நின்றுவிட்டார்கள். ஸ்டீஃபன் இருக்கும்வரை அவனே மன்னன், அவனுக்குப் பிறகு ஹென்றி என்று முடிவாகியது. அந்த உடன்படிக்கை இந்த ஊரின் பெயராலும் அழைக்கப்படுகிறது.

மன்னனான ஹென்றி 1155இல் ஊருக்கு ஒரு சாசனம் கொடுத்தான். வியாபாரிகள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொள்ளலாம், சுங்கம் கட்டாமல் நாட்டில் வியாபாரம் செய்யலாம். முற்றுகைக் காலத்தில் பட்ட கஷ்டத்துக்குக் கிடைத்த கூலி என்றே சொல்லலாம். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் சந்தை கூடுகிறது. 1670இல் கட்டிய நகர மண்டபம் தூண்களின் மேல் நிற்கிறது, கீழே திறந்த வெளி. மழை வந்தால் ஒதுங்க நல்ல இடம். நாங்களும் ஒதுங்கினோம்.

இன்னொரு சலுகையையும் ஊர் பெருமையாகச் சொல்கிறது. நோர்மன் ஆட்சியில் இரவு எட்டு மணிக்கு மணி அடித்தால் அடுப்பு நெருப்பை மூடி அணைக்கவேண்டும். ஊரடங்கைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லே 'நெருப்பை மூடு' என்ற பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. ஆற்றைக் கடக்க விட்ட நன்றிக்காக வோலிங்ஃபோர்டுக்கு மட்டும் வில்லியம் ஒன்பது மணிவரை தளர்வு கொடுத்தானாம். ஊரடங்கில் ஒரு மணித்தியாலம் தளர்த்தினால் அதை 900 வருடம் ஞாபகம் வைத்திருக்கிற சனம்! சிரித்தோம். பிறகு கொஞ்சம் யோசித்தோம்.

கொல்லன் மகன்

புல்க்ரொஃப்ட் வெளியில் ஒரு காலத்தில் துறவிகளின் மடம் இருந்தது. 1292 அளவில் இந்த ஊரில் ஒரு கொல்லனுக்குப் பிறந்த றிச்சர்ட், சிறுவயதில் தகப்பனை இழந்து, அந்த மடத்தின் தலைவரால் வளர்க்கப்பட்டான். ஒக்ஸ்ஃபோர்டில் படித்தான். 1327இல் சென்ற் அல்பன்ஸ் என்ற பெரிய மடத்தின் தலைவரானான். கணிதத்திலும் வானியலிலும் அந்தக் காலத்தில் மிகப் பெரிய ஆள். சூரியன், சந்திரன் ஓட்டத்தைக் காட்டும் மணிக்கூடு ஒன்றை வடிவமைத்தான். தொழுநோயோடு வாழ்ந்து 1336இல் இறந்தான்.

ஏழை வீட்டுப் பிள்ளை முன்னேறிய கதை என்று இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் மிச்சமும் இருக்கிறது. சென்ற் அல்பன்ஸ் ஊர்ச்சனம் தங்கட வீட்டுத் திரிகையில் தானியம் அரைத்தது. மடத்தின் ஆலையில்தான் காசு கொடுத்து அரைக்கவேண்டும் என்பது மடத்தின் சட்டம். றிச்சர்ட் அவர்களின் திரிகைக் கற்களைப் பிடுங்கி மடத்துத் தரையில் பதித்தான். 1381இல் விவசாயிகள் கிளர்ந்தபோது, அந்த ஊர்ச்சனம் மடத்துக்குள் புகுந்து அந்தக் கற்களைத் தோண்டி எடுத்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டது. இரண்டு தலைமுறை கழிந்தும் தரையில் கிடந்தது தங்கட கல் என்று மறக்கவில்லை.

பாலமும் வெடிமருந்தும்

வோலிங்ஃபோர்டின் இறக்கம் இரண்டு அடியில் வந்தது. 1348–49 கொள்ளைநோய் ஊரை வெறுமையாக்கியது. 1416இல் மேலே சுமார் 13 கிலோமீற்றர் தள்ளி அபிங்டனில் புதுப் பாலங்கள் கட்டத் தொடங்கினார்கள். லண்டனில் இருந்து மேற்கே போகிற வண்டிகள் அந்த வழியால் திரும்பின. துறையால் வளர்ந்த ஊர் இன்னொரு ஊரின் பாலத்தால் சுருங்கியது. தேவாலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1640களின் உள்நாட்டு யுத்தத்தில் கோட்டை மன்னன் பக்கம் நின்றது. ஒக்ஸ்ஃபோர்ட் சரணடைந்த பிறகும் தாக்குப்பிடித்து, 1646 ஆடி மாதக் கடைசியில்தான் பாராளுமன்றப் படையிடம் விழுந்தது. இனி யாரும் இதைப் பிடித்து வைத்துச் சண்டை பிடிக்கக்கூடாது என்று 1652இல் இடித்துத் தள்ள உத்தரவு வந்தது. வெடிமருந்து வைத்தார்கள். கற்களை ஆட்கள் கொண்டுபோனார்கள். சந்தை முற்றத்துத் தேவாலயத்தின் கோபுரத்தில் இருப்பதும் கோட்டைக் கல்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். எட்டு வளவை விழுங்கிய கோட்டை ஆறு நூற்றாண்டுக்குள் புல்லாகிவிட்டது. வளவுகள் திரும்பி வரவில்லை.

ஆற்றோரத்தில், கல்லில் துளைவேலை செய்த மெல்லிய கோபுரத்தோடு ஒரு தேவாலயம் நிற்கிறது. சென்ற் பீற்றர்ஸ். யுத்தத்தில் அழிந்து பதினெட்டாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. அங்கே புதைக்கப்பட்டிருப்பவர் வில்லியம் பிளக்ஸ்டன். சட்டம் படிக்கிற நண்பர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். 1765 முதல் 1769 வரை நான்கு தொகுதிகளாக இங்கிலாந்துச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர். இந்த ஊரில் வாழ்ந்து, இந்த ஊர் நீதிமன்றப் பொறுப்பையும் பார்த்து, 1780இல் இறந்தவர்.

அந்த நூலில் அவர் ஒரு உதாரணம் சொல்கிறார். பொதுமக்களுக்கு ஒரு புதுத் தெரு தேவை, அது ஒரு தனியாளின் காணிக்குள்ளால் போகவேண்டும். ஊருக்கே நல்லது என்றாலும் அவருடைய சம்மதமில்லாமல் எடுக்கமுடியாது. எடுக்கவேண்டும் என்றால் சட்டம் இயற்றும் சபைதான் எடுக்கலாம், அதுவும் முழு நட்டஈடு கொடுத்து. எட்டு வளவுகள் ஒரு சொல்லும் கேட்காமல் அழிந்த அதே ஊரில் வாழ்ந்த ஒருவர், ஏழு நூற்றாண்டு கழித்து இதை எழுதினார். வாசித்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

வேலிக்குள்ளால் ஒரு வழி

அந்தச் சிலிர்ப்பு ஆற்றைக் கடந்து நாட்டுப்புறத்துக்குள் நடந்தபோது கொஞ்சம் அடங்கியது.

வோலிங்ஃபோர்ட் பாலம் நீளமானது, சுமார் 270 மீற்றர். வெள்ளம் பரவுகிற புல்வெளிக்கு மேலாகவும் போவதால் அவ்வளவு வளைவுகள். 1809 வெள்ளத்தில் சேதமான பகுதியைத் திரும்பக் கட்டினார்கள். மற்ற வளைவுகள் சில மத்திய காலத்தவை. அக்கரையில் ஹௌபரி என்ற இடத்தில்தான் ஜெத்ரோ டல் 1701 அளவில் விதைக்கிற இயந்திரத்தை உருவாக்கினார். வரிசை வரிசையாக, சரியான ஆழத்தில் விதை விழும். தான் சொன்ன முறையில் விதைக்கக் கூலியாட்கள் மறுத்ததால் இயந்திரத்தைத் தேடியதாக அவரே எழுதியிருக்கிறார். கூலியாட்கள் தங்கட பக்கத்தை எழுதவில்லை.

பிளக்ஸ்டன் எழுதிய காலத்தில்தான் ஆங்கில நாட்டுப்புறத்தில் பொதுக்காணிகளுக்கு வேலி விழுந்துகொண்டிருந்தது. ஊர்ச்சனம் மாடு மேய்க்க, விறகு பொறுக்க, கதிர் பொறுக்க உரிமை வைத்திருந்த நிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களால் தனியார் கைக்குப் போயின. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கு மேற்பட்ட சட்டமூலங்கள், 68 இலட்சம் ஏக்கர். எல்லாம் சட்டப்படி. சட்டத்தில் உரிமை காட்டக்கூடியவனுக்கு நட்டஈடு. கடதாசி இல்லாமல் வழக்கத்தால் மட்டும் ஒரு பசுமாடு மேய்த்தவளுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பிளக்ஸ்டன் காத்தது சொந்தக்காரனை. யார் சொந்தக்காரன் என்று யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஆனாலும் நாங்கள் அன்று முழுக்க வேலிகளுக்குள்ளால்தான் நடந்தோம்! கோதுமை வயலுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை, வேலியில் சின்னப் படலை, பக்கத்தில் 'பொது நடைபாதை' என்ற பலகை. காணி தனியாருடையது, நடக்கிற உரிமை எல்லாருடையது. இதுவும் தானாக வந்ததல்ல. 1932இல் வடக்கே கிண்டர் ஸ்கவுட் மலையில் நடக்கும் உரிமைக்காக இளம் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம் பொது நடைபாதைகளை வரைபடத்தில் பதியச் சொன்னது. எழுத்தில் பதிந்த பிறகு ஒரு பாதையை மூடுவது இலேசில்லை.

பின்னேரம் விற்றன்ஹாம் குன்றுகளில் ஏறினோம். ஒன்றில் இரும்புக் காலத்து மக்கள் வெட்டிய அகழி இன்னும் வட்டமாகக் கிடக்கிறது. மேலே நின்றால் தேம்ஸ் வளைந்து வளைந்து போவதும், டோர்செஸ்டர் மடாலயமும், வயல்களைப் பிரிக்கிற நேர்வேலிகளும் தெரியும். காலமை அந்த வேலிகள் அழகாக மட்டும் தெரிந்தன. பின்னேரம் அவை என்ன செய்தன என்றும் தெரிந்தது.

திரும்பி பஸ் எடுக்கமுதல் கோட்டை வெளிக்கு இன்னொருக்காப் போனோம். அது இப்போது பொதுவெளி, யாரும் போகலாம். எட்டு வளவும் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று ஆளுக்கொரு மூலையைக் காட்டினோம். ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எட்டு என்று தெரியும். ஏழுமில்லை, ஒன்பதுமில்லை. 900 வருடத்துக்குப் பிறகும் அது தெரிவதற்கு ஒரே காரணம், யாரோ ஒரு எழுத்தர் அதை எண்ணி எழுதி வைத்ததுதான். வரிக்காக எண்ணினவர்கள் எண்ணினது எட்டு. அங்கே வாழ்ந்தவர்கள் தாங்களே எழுதியிருந்தால் பெயரும் இருந்திருக்கும், கிணறும் இருந்திருக்கும், படலை எந்தப் பக்கம் பார்த்தது என்றும் இருந்திருக்கும்.

வீட்டில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கும். அம்மம்மாவிடம் அவவின் வளவைப் பற்றிக் கேளுங்கள்.